சான் ஹொசேயில் ஐந்து நாள்: காலையில் மலை, மதியம் நகரம்

கேள்வி இதுதான். ஹூஸ்டனில் இருக்கும் ஒருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 2 வரை கோஸ்டா ரிக்கா போகிறார். "தலைநகர் சான் ஹொசேயில் ஒன்றுமே இல்லை, விமானம் இறங்கியதும் அரெனால் எரிமலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, தினம் ஒரு ஓட்டல் மாற முடியாது. சான் ஹொசேயிலேயே தங்கிச் சுற்றிப் பார்த்தால் வீணாகுமா? நாங்கள் சைவம். கார் எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

வீணாகாது. உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சரியும்கூட. சான் ஹொசே அழகான நகரம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய வீடுகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுக் கான்கிரீட் பெட்டிகளாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். மாலை நேரத்து வாகன நெரிசலும் கொடுமைதான். ஆனால் அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,150 மீட்டர், நாலா பக்கமும் மலை, வடக்கே போவாஸ், பர்வா, இராசு என்று எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு எரிமலை வாய்கள், காபித் தோட்டங்கள், இந்த நாட்டின் மிகப் பெரிய புனிதத் தலம், ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் வந்துவிடும். ராத்திரி ஏசியும் தேவைப்படாது, மின்விசிறியும் தேவைப்படாது.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும்: காலை மலைக்கு, மதியம் நகரத்துக்கு. நீங்கள் போவது மழைக்காலம். மே முதல் நவம்பர் வரை, சான் ஹொசே இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கில் அனேகமாகத் தினமும் ஒரே கதைதான். ஐந்தரை மணிக்கு விடிந்து பளிச்சென்று வெயில் அடிக்கும், ஒன்பது பத்து மணிக்கு மேகம் ஏறி மலை உச்சிகளை மூடும், மதியத்துக்கு மேல் மழை கொட்டும். ஜூலையில் சில நாள் மழை ஓய்ந்து சின்னதாக ஒரு கோடை எட்டிப் பார்ப்பதுண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். எரிமலைக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்து வெள்ளை மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள்தான் "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர். அருங்காட்சியகங்களும் சந்தையும் கூரைக்குக் கீழே இருக்கின்றன, மழை பெய்தால் அவற்றுக்கு ஒன்றும் குறையாது. பிற்பகலை அவற்றுக்குக் கொடுங்கள்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிக்கா விசா கேட்கும். ஆனால் பலமுறை நுழையும் அனுமதியுடன் நடப்பில் உள்ள அமெரிக்க விசா இருந்தால் தனியாக விசா எடுக்க வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவின் விசா அப்படிப்பட்டதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் போடுமுன் அந்த நாட்டுத் தூதரக இணையப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள், அச்சடித்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்க டாலர் பெரும்பாலான இடங்களில் செல்லும். சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டும் கொலோன், அதாவது உள்ளூர்ப் பணம், வேண்டும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 500 கொலோன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், ஏடிஎம்மில் எடுங்கள்.

தங்க பாரியோ எஸ்கலாந்தே, பாரியோ அமோன், அல்லது லா சபானா பூங்காவை ஒட்டிய பகுதி. எஸ்கலாந்தேயில் சாப்பாட்டுக் கடைகள் நிறைய, சைவமும் சுலபமாகக் கிடைக்கும், நடைபாதையும் பரவாயில்லை. அமோன் பழைய காபி முதலாளிகளின் பேட்டை. இடிபடாமல் தப்பிய மர வீடுகள் சில இப்போது சின்ன ஓட்டல்களாகியிருக்கின்றன. அழகாக இருக்கும், ஆனால் படிக்கட்டு ஏற வேண்டியிருக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். லா சபானா ஒரு காலத்தில் விமான நிலையமாக இருந்த மைதானம், பழைய முனையக் கட்டடத்தில் இப்போது ஓவியக் கூடம் நடக்கிறது. பையன் ஓடி விளையாட அந்தப் பூங்காவை விட்டால் ஊருக்குள் வேறு நல்ல இடம் இல்லை. மைய நகரத்தின் மேற்குப் பக்கம், கோக்கா கோலா என்று அழைக்கப்படும் பஸ் நிலையத்தைச் சுற்றி, விலை குறைவாக இருக்கிறதே என்று அறை போட்டுவிடாதீர்கள். பகலில் கடந்து போகலாம், இருட்டிய பிறகு அங்கே வேலை இல்லை.

அந்த பஸ் நிலையத்துக்கு ஏன் அப்படிப் பெயர் என்று கேட்டால் இந்த ஊர் புரியும். அங்கே முன்பு கோக்கா கோலா நிரப்பும் ஆலை இருந்தது. ஆலை போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, பெயர் போகவில்லை. முகவரிகளும் அந்த மாதிரிதான். தெருவுக்கு எண்ணும் பலகையும் இருந்தாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. "இந்தத் தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கு, 50 மீட்டர் கிழக்கு" என்பார்கள். 100 மீட்டர் என்றால் ஒரு தெருச் சதுக்கம், நிஜமான 100 மீட்டராக இருக்க வேண்டியதில்லை. சான் பெத்ரோ பகுதியில், வெட்டப்பட்டு வெகுகாலமான ஓர் அத்தி மரத்தை வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். ஆகவே ஓட்டலுக்கு டாக்சி பிடிக்கும்போது முகவரியை அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே காட்டுங்கள். போனில் வழிகாட்டும் வேஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர்க்காரர்களே அதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் கார். நகரத்துக்குள் வேண்டவே வேண்டாம். வார நாட்களில் நம்பர் பலகையின் கடைசி எண்ணைப் பொறுத்து ஒரு நாள் உங்கள் வண்டி மைய நகரத்துக்குள் நுழையக் கூடாது. திங்களன்று 1, 2, செவ்வாயன்று 3, 4 என்று போகும் வரிசை அது. வாடகைக் காருக்கும் அதே சட்டம்தான். இணையத்தில் நாளுக்குப் பத்து டாலர் என்று காட்டும் விலையில் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்திருக்காது. கவுண்டரில் போய் நிற்கும்போது தொகை இரண்டு மூன்று மடங்காகும், அங்கே சண்டை போட்டும் பயனில்லை. மலைக்குப் போகும் மூன்று நாளுக்கு மட்டும் ஓட்டல் மூலமாக ஓட்டுநரோடு ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். நாலு பேருக்குச் சுற்றுலா நிறுவன டிக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது, அப்பாவுக்காக நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நகரத்துக்குள் ஊபர் ஓடுகிறது. தெருவில் பிடிப்பதானால் கதவில் மஞ்சள் முக்கோணம் போட்ட சிவப்பு டாக்சியில் ஏறி, மீட்டர் போடச் சொல்லுங்கள். மீட்டருக்கு அங்கே 'மரியா' என்று பெயர். விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரபூர்வ டாக்சிகள் மட்டும் ஆரஞ்சு நிறம்.

முதல் மலை நாளைக் கிழக்கே, இராசுவுக்கும் கார்த்தாகோவுக்கும் கொடுங்கள். அதை ஜூலை 29லேயே வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இராசு 3,432 மீட்டர், இந்த நாட்டு எரிமலைகளிலேயே உயரமானது. வசதி என்னவென்றால் வண்டி கிட்டத்தட்ட உச்சி வரை போய்விடும். நிறுத்துமிடத்திலிருந்து கருஞ்சாம்பல் மைதானத்தில் சில நிமிடம் மெதுவாக நடந்தால் வாயின் விளிம்பு. உங்கள் அப்பாவால் முடியும். ஆனால் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், அவசரப்படுத்தாதீர்கள். காலையில் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கலாம், காற்று வேறு. கோஸ்டா ரிக்கா என்றால் வெப்ப நாடு என்று அரைக்கை சட்டையோடு வந்து நடுங்குபவர்களைத் தினமும் பார்க்கலாம். ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி, மழைக் கோட்டு மூன்றும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கட்டாயம். பள்ளத்தின் அடியில் சில காலம் பச்சை நிற ஏரி தேங்கியிருக்கும், சில காலம் அது முழுக்க வற்றிப்போகும். ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று போகாதீர்கள். அந்தப் பள்ளத்தின் அளவும், புல் பூண்டு முளைக்காத சாம்பல் வெளியும் போதும். உச்சியிலிருந்து இரண்டு கடலும் தெரியும் என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கும். அதற்கு மேகமே இல்லாத காலை வேண்டும், ஜூலையில் எதிர்பார்க்காதீர்கள்.

1963 மார்ச்சில், அமெரிக்க அதிபர் கென்னடி சான் ஹொசே வந்த சமயத்தை ஒட்டித்தான் இந்த எரிமலை விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 1965 வரை விட்டு விட்டுச் சாம்பலைத் துப்பியது. தலைநகரத்தில் சாம்பலைக் கூரையிலிருந்து கூட்டித் தள்ளினார்கள், குடை பிடித்து நடந்தார்கள், காபித் தோட்டங்கள் நாசமாயின. இன்று அதே சரிவில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டைக்கோசும் செழித்துக் கிடப்பதற்கு அந்தச் சாம்பலும் ஒரு காரணம். வண்டி இறங்கும்போது பையனுக்கு இதைக் காட்டுங்கள், பள்ளத்தைவிட அது மனதில் நிற்கும்.

இறங்கினால் கார்த்தாகோ. 1823 வரை இதுதான் தலைநகரம். அந்த வருடம் ஏப்ரலில் ஒச்சோமோகோ என்ற இடத்தில் நடந்த ஒரு சின்னச் சண்டையில் சான் ஹொசே பக்கம் ஜெயித்தது, தலைநகர் கைமாறியது. 1910 மே மாதம் வந்த நிலநடுக்கத்தில் பழைய ஊர் மிச்சமில்லாமல் போனது. ஊர் நடுவே கட்டி முடிக்கப்படாத ஒரு தேவாலயத்தின் கல்சுவர்கள் மட்டும் தோட்டமாக நிற்கின்றன. மக்கள் வருவது அதற்காக அல்ல, தேவதூதர்களின் அன்னை பேராலயத்துக்காக. 1635இல் விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணுக்கு ஒரு பாறைமேல் கிடைத்ததாகச் சொல்லப்படும், ஒரு சாணைவிடச் சிறிய கருங்கல் மாதா. 'லா நெக்ரீத்தா' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலிட்டு நகர்ந்து போகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். ஜீன்ஸ் போட்ட இளைஞன் ஒருவன் கையில் ஹெல்மெட்டோடு முட்டிபோட்டு நகர்ந்துபோக, பக்கத்தில் ஒரு பாட்டி அவனுக்கு ஈடுகொடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். கீழே ஓர் அறையில் கால், கை, கண், இதயம், வீடு, கார் என்று சின்னச் சின்ன உலோக உருவங்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். நம் மாரியம்மன் கோவிலில் கண்மலரும் கைகால் உருவும் வாங்கிப் போடுவது போலத்தான், உங்கள் அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆலயத்தின் பின்புறம் ஊற்று இருக்கிறது, பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இப்போது அந்தக் காரணம். ஆகஸ்டு 2 அந்த மாதாவின் திருநாள், அரசு விடுமுறை. அதற்கு முந்தைய நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே கார்த்தாகோ வருவார்கள். சான் ஹொசேயிலிருந்து மட்டும் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகஸ்டு 1 அன்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதை மறந்துவிடலாம். அதனால்தான் கிழக்கை முதலில் முடிக்கச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் சரியாக அந்த வாரம் ஊரில் இருப்பது அதிர்ஷ்டம். ஆகஸ்டு 1 சாயங்காலம் சான் ஹொசேயின் கிழக்குப் பக்கம், சான் பெத்ரோவில் சாலையோரம் அரை மணி நேரம் நில்லுங்கள். தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலியில் தாத்தா, காலில் கட்டுப் போட்டவர்கள், பாட்டுப் பாடிக்கொண்டு போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ராத்திரி முழுக்க ஓயாது. அந்த ஒரு காட்சி கிடைக்கத்தான் தலைநகரில் தங்க வேண்டும். அரெனாலில் வெந்நீர்க் குளத்தில் உட்கார்ந்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்பீர்கள்.

கார்த்தாகோ போன நாளிலேயே நேரமும் தெம்பும் இருந்தால் ஒரோசி பள்ளத்தாக்கில் இறங்குங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய வெள்ளைச் சுவர் ஓட்டுத் தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது. நாட்டில் இன்னும் பூசை நடக்கும் பழைய கட்டடங்களில் அது முதல் வரிசை. கொஞ்சம் தள்ளி உஹர்ராஸில் வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1833இல் ஜனங்கள் கைவிட்டுப் போன ஊரின் தேவாலயச் சுவர்கள். சுற்றிலும் பந்தல் பந்தலாக ஒரு கொடி படர்ந்திருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், நம் சௌசௌதான். பெங்களூர்க் கத்திரிக்காய் என்று வாங்குகிறோமே, அதன் பூர்வீகம் இந்தப் பக்கத்து நாடுகள். அங்கே பெயர் சயோத்தே, இந்தப் பள்ளத்தாக்குதான் அதன் பெரிய விளைநிலம். ஆர்க்கிட் பிடித்தவர்களானால் கார்த்தாகோ அருகே லாங்கஸ்டர் தாவரத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஓர் ஆங்கிலேயர் தொடங்கியது, 1973 முதல் கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில்தான் பூக்கள் அள்ளும், ஜூலையில் அவ்வளவு இருக்காது.

இரண்டாவது மலை போவாஸ். இராசுவில் பார்ப்பது அடங்கிப்போன பள்ளம், இங்கே பார்ப்பது புகைகிற பள்ளம். ஒரு கிலோமீட்டருக்கும் அதிக அகலம், அடியில் கந்தக நெடியோடு கொதிக்கிற அமில ஏரி. 2017 ஏப்ரலில் வெடித்து, 2018 ஆகஸ்டு கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். 2025இலும் வெடிப்பால் மூடினார்கள். ஆகவே போகும் வாரத்தில் பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. டிக்கெட் வாசலில் கிடையாது, தேசியப் பூங்காத் துறையின் இணையப் பக்கத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும். இராசுவுக்கும் அப்படியே எடுத்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு ஒரு தலைக்குச் சுமார் 15 டாலர். கிடைப்பதிலேயே முதல் நேரத்தை எடுங்கள். தலையில் ஹெல்மெட் கொடுப்பார்கள், விளிம்பில் இருபது நிமிடம்தான் நிற்க விடுவார்கள். அது போதும், கந்தகப் புகையை அதற்கு மேல் சுவாசிக்கவும் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

போவாஸ் மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் போகலாம். அதே சரிவில் லா பாஸ் அருவித் தோட்டம் இருக்கிறது. அருவியை ஒட்டிப் படிக்கட்டுப் பாதை, தேன்சிட்டுகள், பட்டாம்பூச்சிக் கூடம், மீட்கப்பட்ட விலங்குகள் எல்லாம் உண்டு. பையனுக்குக் கொண்டாட்டம், டிக்கெட் விலை உங்களுக்குத் திண்டாட்டம். படிகள் பெரும்பாலும் இறக்கம், கீழே போனால் வண்டியில் மேலே கொண்டுவந்து விடுகிறார்கள், ஆனால் இறக்கம்தான் முழங்காலுக்கு எதிரி. அப்பா மேலேயே பறவைகளோடு உட்கார்ந்துவிடட்டும். திரும்பும் வழியில் அலாஹுவேலாவுக்கு மேலே டோகா என்ற காபித் தோட்டம். ஜூலையில் பழுத்த காய் பறிப்பதைப் பார்க்க முடியாது, அறுவடை நவம்பரில்தான் சூடு பிடிக்கும். பச்சைக் காய்களும், தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் பழைய ஆலையும், காய வைக்கும் களமும் பார்க்கலாம். தரம் கெடக் கூடாது என்று 1980களின் கடைசியிலிருந்து 2018 வரை இந்த நாட்டில் ரொபஸ்டா என்ற காபி ரகத்தைப் பயிரிடவே சட்டத்தில் தடை இருந்தது. அதுவரை முழுக்க அராபிகா ரகம்தான்.

இனி நகரம். மழை நேரத்தை இங்கே கழிக்கலாம் என்றேன், ஆனால் இதை மழைக்கு ஒதுங்கும் இடமாக மட்டும் நினைக்காதீர்கள். இந்த நாடு ஏன் பக்கத்து நாடுகளைப் போல ஆகவில்லை என்பது நாலு தெருவுக்குள் தெரிந்துவிடும்.

தேசிய நாடக அரங்கிலிருந்து தொடங்குங்கள். காபி ஏற்றுமதியில் பணம் கொழித்த காலத்தில், அந்த ஏற்றுமதிமேல் போட்ட வரியில் தொடங்கி எழுப்பியது, 1897 அக்டோபரில் திறந்தது. உள்ளே இத்தாலியப் பளிங்கு, தங்க முலாம், கண்ணாடி. மாடி ஏறும் கூரையில் ஒரு பெரிய ஓவியம், அலெயார்தோ வில்லா என்ற இத்தாலியர் வரைந்தது. காபியும் வாழையும் கப்பலேறும் காட்சி. அதில் காபி கடலோரத்தில் விளைகிறது, நிஜத்தில் அது மலைப் பயிர். வாழைத்தாரைத் தூக்கியிருக்கிறவன் அதைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், தார் சுமந்தவர்கள் யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. இதே படத்தைப் பழைய ஐந்து கொலோன் நோட்டிலும் அச்சடித்தார்கள். தரைத்தளத்துக் காபிக் கடையில் உட்கார டிக்கெட் வேண்டாம்.

அரங்கின் பக்கத்துச் சதுக்கத்துக்குக் கீழே, நிலத்தடியில், மத்திய வங்கியின் தங்க அருங்காட்சியகம். ஸ்பானியர் வருமுன் செய்த தவளை, கழுகு, முதலை, மனிதன் பாதி மிருகம் பாதி என்று சுமார் 1,600 உருப்படிகள். ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் பூத்துப்போகும், தவளைகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நாலைந்து தெரு கிழக்கே போனால் மஞ்சள் கோட்டை, பெல்லாவிஸ்தா ராணுவ முகாமாக இருந்தது. சுவரிலும் கோபுரத்திலும் 1948 உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் போரில் ஜெயித்த ஹொசே ஃபிகேரஸ், 1948 டிசம்பர் 1 அன்று இதே இடத்தில் சம்மட்டியால் சுவரில் ஓர் அடி அடித்து ராணுவத்தைக் கலைத்தார். ஜெயித்த படைத் தலைவனே படை வேண்டாம் என்றது உலகத்தில் அபூர்வம். மறு வருடத்து அரசியலமைப்பில் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். முகாம் தேசிய அருங்காட்சியகமானது. திங்கட்கிழமை மூடியிருக்கும். வாசலிலேயே பட்டாம்பூச்சித் தோட்டம், உள்ளே தெற்குப் பகுதி திக்கீஸ் சமவெளியில் கிடைத்த கல் உருண்டைகள். வாழைத் தோட்டத்துக்குக் காடு வெட்டும்போது 1930களில் வெளியே தெரிய வந்தவை. பெரியது ஆளுயரத்தைத் தாண்டும், கிட்டத்தட்டப் பிசிறில்லாத கோளம். ஏன் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எதிரே பச்சைக்கல் அருங்காட்சியகமும் இருக்கிறது. நல்ல இடம்தான், ஆனால் தங்க அருங்காட்சியகத்தையும் தேசிய அருங்காட்சியகத்தையும் பார்த்தபின் ஒரே நாளில் மூன்றாவது வேண்டாம்.

1880இல் தொடங்கிய மத்தியச் சந்தைக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் போங்கள். இடுக்கு இடுக்கான சந்துகளில் மூலிகைக் கட்டு, செருப்பு, மீன், சாமி படம், காபி எல்லாம் கலந்து கிடக்கும். பணப்பையை முன் ஜேபியில் வையுங்கள், போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். 'சோடா' என்று பலகை மாட்டியிருப்பவை குளிர்பானக் கடைகள் இல்லை, சின்னச் சாப்பாட்டுக் கடைகள். ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்டால் சில கடைகளில் மரச் சட்டத்தில் தொங்கும் துணிப் பையில் தூளைப் போட்டு, உங்கள் கண் முன்னாலேயே வெந்நீரை வட்டமாக ஊற்றி, கீழே கோப்பையில் சொட்டவிட்டுத் தருவார்கள். அவசரப்பட்டால் கிடைக்காது. லோலோ மோரா என்ற கடையில் 1901 முதல் ஒரே ஒரு வகை ஐஸ்கிரீம், பட்டை கிராம்பு ஜாதிக்காய் மணத்தோடு.

சைவம் பற்றி. காலைக்குக் கருப்பு பீன்ஸ் போட்டுப் பிரட்டிய சோறு, காய்யோ பின்தோ. மதியத்துக்குக் காசாதோ, அதாவது சோறு, பீன்ஸ், வறுத்த பழுத்த நேந்திரன் வகை வாழை, சாலட், கூட ஏதாவது ஒன்று. அந்த ஏதாவது ஒன்றில்தான் கவனம். 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் கோழி வைத்துத் தர வாய்ப்புண்டு. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ', அதாவது இறைச்சி, கோழி, மீன் இல்லாமல், என்று மூன்றையும் சொல்லுங்கள். பீன்ஸைச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், 'மந்தேகா' போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளஞ்சோளத்தை அரைத்து வார்க்கும் சொர்ரியாதா அடை, வெண்ணெய்ப்பழம், வேகவைத்த மரவள்ளி, முள்சீத்தாச் சாறு, உப்புப் போட்ட மாங்காய் எல்லாம் இருக்கும்போது பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மழை பெய்யும் சாயங்காலம் 'அகுவா துல்சே' கேளுங்கள், வெல்லத்தைக் கொதிநீரில் கரைத்தது. அம்மா இஞ்சி தட்டிப் போட்டிருக்கலாம் என்பார். பில்லில் 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்ந்தே வரும், மேற்கொண்டு டிப்ஸ் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் சான் ஹொசேயில் குடிக்கலாம்.

மூன்றாவது மலை நாளில் மேற்கே போங்கள். கிரேசியாவில் பெல்ஜியத்திலிருந்து இரும்புத் தகடாக வந்து பூட்டிய சிவப்புத் தேவாலயம், சார்ச்சியில் வண்ணம் தீட்டிய மாட்டுவண்டிகள், சார்செரோவில் செடிகளை வளைவும் உருவமுமாக வெட்டிய பூங்கா. சார்ச்சியில் கடைத்தெருவைவிட, சக்கரத்தில் தூரிகை பிடித்துக் கோலம்போல வரையும் பட்டறைதான் பார்க்க வேண்டியது. இந்த நாள் சாதுவானது, யாருக்காவது களைப்பாக இருந்தால் இதைத்தான் வெட்ட வேண்டும். பையன் முதலை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் இதற்குப் பதில் தார்கோலஸ் ஆற்றுப் பாலம், ஒன்றரை மணி நேரம். பாலத்தின் மேல் நின்று குனிந்தால் கீழே மணலில் பத்து இருபது கிடக்கும்.

அரெனால் எரிமலை, மோந்தேவெர்தே மேகக் காடு, மனுவேல் அந்தோனியோ கடற்கரைப் பூங்கா மூன்றுக்கும் 'ஒரே நாளில் போய் வரலாம்' என்று விளம்பரம் பார்ப்பீர்கள். ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, மலைச்சாலை வேறு. அப்பாவை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். அவை தங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள், இன்னொரு தடவைக்கு இருக்கட்டும்.

ஆக, 28 வந்து இறங்கி ஓய்வு, 29 இராசுவும் கார்த்தாகோவும், 30 போவாஸ், திரும்பி வந்து தங்க அருங்காட்சியகம், 31 முழுக்க நகரம், ஆகஸ்டு 1 காலை சார்ச்சி, சாயங்காலம் நடைப்பயணிகளைப் பார்க்க சான் பெத்ரோ. எரிமலை டிக்கெட் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்து 30ஐயும் 31ஐயும் மாற்றிக்கொள்ளலாம், 29ஐ மட்டும் தொடாதீர்கள். விமான நிலையம் இருப்பது சான் ஹொசேயில் இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி அலாஹுவேலா பக்கம். ஆகஸ்டு 2 காலை விமானம் என்றால் விடுமுறைச் சாலை மூடல்களைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள்.

காபி வாங்குவதை விமான நிலையத்துக்கு ஒத்திவைக்காதீர்கள், அங்கே விலை கூடுதல். ஊருக்குள் சூப்பர் மார்க்கெட்டிலேயே நல்ல தூள் கிடைக்கும். பொட்டலத்தில் 'பூரோ', அதாவது கலப்பில்லாதது, என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவான சில வகைகளில் வறுக்கும்போதே சர்க்கரை சேர்த்துவிடுகிறார்கள், ஃபில்டரில் போட்டால் டிகாக்ஷன் கரிந்த இனிப்பாக இறங்கும். அரைக்காத கொட்டையாக வாங்கி ஹூஸ்டனில் உங்கள் ஃபில்டருக்கு ஏற்றபடி அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது, கடைத் தூள் பெரும்பாலும் துணிப்பைக்கு ஏற்ற பதத்தில்தான் அரைபட்டிருக்கும்.